முழங்கை ஆழத்து நீர்

குடத்தை வரிசையில் வைத்து, காற்றில் உருண்டு போகாதிருக்க உள்ளே ஒரு கல்லைப் போட்டுவிட்டுப் பள்ளிக்கு ஓடிய தலைமுறை நாம். இதை வாசிக்கும் உங்களில் சிலர் ஆவடியில், அந்தத் தொழிற்சாலைக் குடியிருப்பின் மஞ்சள் சுண்ணாம்பு அடித்த மாடிக் கட்டடங்களில், என்னோடு வளர்ந்தவர்களாகவே இருக்கக்கூடும். எண்பதுகளின் நடுவில் வந்த அந்தக் கோடையை உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. குழாயைத் திறந்தால் முதலில் காற்று சீறும். பிறகு துருவின் நிறத்தில் கொஞ்சம் நீர் கக்கும். பிறகு அதுவும் நின்றுவிடும். தண்ணீர் லாரியின் ஓசையை மற்ற லாரிகளின் ஓசையிலிருந்து பிரித்தறிய நம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

தீவுக்காரம்மா என்று நீங்கள் அழைத்த ஒருத்தியும் உங்கள் நினைவில் இருக்கலாம். அவள் என் அத்தை. அப்பாவின் உடன்பிறந்த தங்கை. அந்தச் சித்திரையில் வந்து, ஆனி பிறக்கும் முன்பே போய்விட்டாள்.

அவள் வந்திறங்கிய காலை எனக்குத் தெளிவாக நினைவிருக்கிறது. கையில் ஒரு துணிப்பை. மறு கையில் நீர் எடுக்கப் பனையோலையில் முடைந்த பட்டை, அதற்குள் ஒரு தேங்காய்ச் சிரட்டை. பையைத் திறந்ததும் காய்ந்த நெத்திலியின் மணம் வீடெங்கும் பரவியது. எதிர்வீட்டுக் கதவு சாத்தப்படும் ஓசை கேட்டது. அம்மா சன்னல்களைத் திறந்து வைத்தாள். அத்தை அதைக் கவனித்துவிட்டு, "நாலு நாள்ல போயிரும் மதினி" என்றாள், மணத்தைச் சொன்னாளா தன்னைச் சொன்னாளா என்று தெரியாதபடி.

முந்தைய ஐப்பசியில் அவள் கணவர் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. ஆளும் வரவில்லை, வள்ளத்தின் ஒரு பலகையும் ஒதுங்கவில்லை. ஐந்து வயது மகளைக் கணவரின் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். எங்கள் பங்குக் கோயிலை ஒட்டிக் கன்னியர் நடத்திய மழலையர் பள்ளியில் ஆயா வேலை காலியாக இருந்தது. பள்ளி திறக்கும்போது சேர்த்துக்கொள்வதாகத் தலைமைச் சகோதரி அப்பாவிடம் வாக்களித்திருந்தார். சேர்ந்த மறுமாதம் மகளை அழைத்து வந்து அதே பள்ளியில் போட்டுவிடலாம். அத்தையின் பேச்செல்லாம் அதைச் சுற்றியே இருந்தது. கண்ணில் பட்ட சிறுபிள்ளைகளின் சட்டையைத் தொட்டுப் பார்த்து, "இது எந்தக் கடையில எடுத்தது ஆத்தா?" என்று கேட்பாள்.

தீவைப் பற்றி அப்பா ஒருபோதும் பேசியதில்லை. அவருக்குப் பதினாறு வயதிருக்கும்போது ஒரு புயல், ஒரே இரவில், அந்த ஊரை எடுத்துக்கொண்டது. பெற்றோர் போனார்கள். ஆறு வயதுத் தங்கையை இடுப்பு வேட்டியால் தன் முதுகோடு கட்டிக்கொண்டு, இடிந்த மாதா கோயிலின் மேற்குச் சுவர்மேல் அவர் விடியும்வரை உட்கார்ந்திருந்தார். இதையும் அத்தைதான் சொன்னாள். பிறகு பாதிரியார்கள் அவரைக் கரைக்கு அழைத்துப் போய் விடுதியில் சேர்த்தார்கள். படித்து, பிட்டராகி, ஆவடிக்கு வந்து சேர்ந்தார். தங்கை தீவிலேயே சொந்தக்காரர் வீடுகளில் மாறி மாறி வளர்ந்தாள். இரண்டு பேரில் ஒருவருக்குத்தான் கரை கிடைத்தது.

மதியங்களில், துடைத்துவிட்ட ஈரத் தரையில் விரலால் எனக்குத் தீவை வரைந்து காட்டுவாள். வாளைமீன் போல ஒரு நீண்ட கோடு. மேலே வடகடல், அது பெண்கடல், அலை அடங்கியது. கீழே தென்கடல், ஆண்கடல், எப்போதும் இரைவது. பாதி ஆண்டு ஒன்று கொந்தளிக்கும், மறுபாதி மற்றது. அப்போது ஆட்கள் வள்ளங்களை மணலில் இழுத்து மறுபக்கத்துக் கடலில் இறக்குவார்கள். புயலுக்குப் பிறகு அங்கே யாரும் கல்வீடு கட்டவில்லையாம். "மேல விழுந்தாலும் வலிக்காத வீடு வேணும்லத்தா. அதான் ஓலை." நூறு குடும்பத்துக்குள்தான் கல்யாணம் என்பதால், யாரை எப்படி அழைப்பது என்பதற்கு நான்கைந்து உறவுமுறைகள் ஒரே சமயத்தில் இருக்கும் என்றும், கோபத்தில் இருக்கும்போது தூரமான முறையைச் சொல்லி அழைப்பார்கள் என்றும் சொல்லிச் சிரிப்பாள். வரைந்து முடிப்பதற்குள் வடகடல் உலர்ந்துவிடும். நான் மறுபடி நீர் தெளிப்பேன்.

"குடிக்கத் தண்ணிக்கு என்ன செய்வீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தோண்டிக்கிருவோம்."

"கடற்கரையிலா? உப்புக் கரிக்காதா?"

"மழைத்தண்ணி லேசு ஆத்தா, கடத்தண்ணி கனம். மணலுக்குள்ள கடத்தண்ணி கீழ கெடக்கும், மழைத்தண்ணி அது மேல பாலாடை மாதிரி படுத்திருக்கும். ஆடைய மட்டும் எடுக்கணும். முழங்கை மட்டுக்கும் தோண்டலாம். ஆசைப்பட்டு அதுக்குக் கீழ போனா உப்பு ஏறிரும்; அப்புறம் அந்த எடத்துல ஒரு வருசத்துக்கு நல்ல தண்ணி வராது."

வைகாசியின் நடுவில் மூன்று நாள் தொடர்ந்து லாரி வரவில்லை. மூன்றாம் நாள் காலை அத்தை பட்டையையும் சிரட்டையையும் எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு ஏரிப்பக்கம் போனாள். ஏரி வெடித்துக் கிடந்தது. ஏரிக்கு நீர் கொண்டுவரும் கால்வாய் வளையும் இடத்தில் மட்டும் மணல் ஒதுங்கிய ஒரு திட்டு இருந்தது. அத்தை அதன்மேல் வெறுங்காலோடு நடந்தாள். நின்றாள். இரண்டடி நகர்ந்து மறுபடி நின்றாள். பிறகு மண்டியிட்டுக் கைகளாலேயே மணலை அள்ளினாள். முழங்கை மறையும் ஆழத்தில் மணல் கறுத்தது, ஓரங்கள் சரிந்தன, நடுவே ஒரு கண் திறப்பதுபோல நீர் ஊறியது. முதலில் ஊறிய கலங்கல் நீரைச் சிரட்டையால் மூன்று முறை இறைத்துக் கொட்டிவிட்டு, நான்காவதை என்னிடம் நீட்டினாள். குளிர்ச்சியாக, லேசான மண் வாசத்தோடு, உப்பின் சுவடே இல்லாமல் இருந்தது அது.

மறுநாள் பத்துப் பெண்கள் வந்தார்கள். அதற்கும் மறுநாள் எண்ண முடியவில்லை. கோவில்பட்டிக்காரர், தஞ்சாவூர்க்காரர், கோயம்புத்தூர்க்காரர் என எல்லாப் பேச்சும் அந்த மணல் திட்டில் கலந்து கேட்டது. அத்தை ஊற்றுக்குத் தீவின் சட்டங்களை விதித்தாள். வாளியை இறக்கக் கூடாது, சிரட்டையால்தான் மொள்ள வேண்டும். வீட்டுக்கு ஒரு குடம். கைக்குழந்தைக்காரிக்கு முதலிடம். வழிப்போக்கன் குடிக்கக் கேட்டால் அவன் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. சாயங்காலம் ஊற்றை மூடி வைக்க வேண்டியதில்லை. மணல் தானாகச் சரிந்து மூடிவிடும், காலையில் புதிதாகத் தோண்டலாம். மனிதக் கை ஊற்றை மூடாது என்றாள். அதுவரை எங்கள் வீட்டுச் சமையலறை மூலையில் ஒடுங்கியே நின்ற அத்தை, இடுப்பில் கைவைத்து நின்று ஐம்பது பெண்களை வரிசைப்படுத்தினாள். அம்மாவின் முகத்தில்கூட ஒரு பெருமை தெரிந்தது.

முத்தாபுதுப்பேட்டையிலிருந்து கீரை விற்க வரும் அம்மாவுக்கு மட்டும் பொறுமையில்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டு ஊற்றை எட்டிப் பார்த்தாள்.

"இன்னாமே இது, கோயி கெளறுன மாரி தோண்டி வுட்டுக்கினு கீறே? இன்னும் நாலடி எறக்கு, கெணறே வந்துடும்."

"வேணாம்த்தா. உப்பு ஏறிரும்."

"உப்பா? கடலு எங்க கீது, ஆவடி எங்க கீது! சோக்காத்தான் பேசுறே போ."

எல்லோரும் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தாள். ஆனால் அவள் கை முழங்கைக்குக் கீழே இறங்க மறுத்தது. இருபது ஆண்டுகளாக ஒரே ஆழத்தைத் தொட்டுத் திரும்பிய கை அது.

எதிர்வீட்டுக்காரர்கள் மட்டும் ஊற்றுக்கு வரவில்லை. அந்த வீட்டுக்காரர் குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளர். அவர் மனைவி, "கண்டவங்க கை வச்சுத் தோண்டுன தண்ணிய எங்க வீட்டுல பொழங்கறதில்ல" என்று மாடிப்படியில் நின்று சொன்னார், கேட்க வேண்டியவர்களுக்குக் கேட்கும்படி. குழாயில் எப்போதாவது சொட்டுவதைப் பிடித்து வைத்துக்கொண்டு சமாளித்தார்கள். அவர்கள் மகள் என் வகுப்பு, என் உற்ற தோழி. ஒருநாள் அவள் தன் அம்மாவுக்குத் தெரியாமல் என்னோடு ஊற்றுக்கு வந்தாள். நான் சிரட்டையில் மொண்டு கொடுத்தேன். குடித்துவிட்டுப் புறங்கையால் வாயைத் துடைத்தபடி, "இனிக்குதுடி" என்றாள்.

நான்காம் நாள் அவள் கண்கள் மஞ்சளாயின.

அடுத்த நாளே அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வேறு இரண்டு வீடுகளிலும் பிள்ளைகள் வாந்தியெடுத்தார்கள். அன்று மாலை எங்கள் கட்டடத்தின் முன் கூட்டம் கூடியது. முந்தின வாரம் குடத்தோடு வரிசையில் நின்றவர்களே இப்போது கைகட்டி நின்றார்கள்.

"முழங்கை ஆழத்துல கிடைக்கிறது தண்ணியா சார்? சாக்கடை ஊறி வர்றது" என்றார் செயலாளர். "ஆழ்குழாய் இருநூறடி போடறான், எதுக்குப் போடறான்?"

"உங்க வீட்லதான் அந்தத் தண்ணிய எடுக்கவே இல்லையே" என்றார் அப்பா. குரல் தாழ்ந்திருந்தது.

அப்போது செயலாளர் என்னைப் பார்த்தார். குனிந்து, கோபமில்லாமல், மிகவும் அன்பாகக் கேட்டார்: "நீ சொல்லும்மா. அவ அங்க தண்ணி குடிச்சாளா?"

உண்மை பேசுவதற்காக ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் பரிசு வாங்கியவள் நான். "குடிச்சா, அங்கிள். நான்தான் குடுத்தேன்" என்றேன்.

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. யாரோ, குடியிருப்பு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தால் வீட்டையே காலி செய்யச் சொல்லிவிடுவார்கள் என்றார். யாரோ, பள்ளிப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுக்கும் வேலைக்கா இவளை எடுக்கப் போகிறார்கள் என்றார். அப்பா உள்ளே போனார். மண்வெட்டியோடு வெளியே வந்தார்.

ஏரிவரை எல்லோரும் பின்னாலேயே போனோம். அத்தை ஊற்றருகே உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது. அண்ணனின் கையில் இருந்ததைப் பார்த்து எழுந்து நின்றாள்.

"அண்ணே, நீங்களா மூடப் போறீக?"

அப்பா குனிந்தார். மண்வெட்டியால் மணலை இழுத்துத் தள்ளினார். மணல் போதாதென்று கரையிலிருந்து களிமண்ணை வெட்டிப் போட்டார். மேலே ஏறி நின்று மிதித்தார். அவர் முதுகு வியர்வையில் நனைந்திருந்தது. அத்தை தடுக்கவும் இல்லை, அழவும் இல்லை. "அந்தப் புள்ளைக்கா? அந்தப் புள்ளைக்கா ஒடம்பு சரியில்ல?" என்று மட்டும் என்னிடம் கேட்டாள்.

தலைமைச் சகோதரி வீட்டுக்கே வந்தார். நல்ல பெண்மணி. அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, "பெத்தவங்க எல்லாம் சேர்ந்து எழுதிக் குடுத்துட்டாங்கம்மா. அடுத்த வருஷம் பார்ப்போம்" என்றார். அடுத்த வருஷம் என்ற சொல்லுக்கு அத்தை தலையாட்டினாள்.

அவளை வழியனுப்ப ஆவடி ரயில் நிலையத்துக்கு நானும் போயிருந்தேன். நடைமேடையில் அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பாராமல் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மின்தொடர் வண்டி வருவது தெரிந்ததும் அத்தை கேட்டாள்: "அந்தப் புள்ள எப்படிண்ணே இருக்கு?"

"ஆஸ்பத்திரியில இருக்கு" என்றார் அப்பா. வண்டி வந்து நின்றது.

அதன்பின் அப்பா ஆண்டுக்கு இரண்டு தபால் அட்டை எழுதினார், கிறிஸ்து பிறப்புக்கு ஒன்று, உயிர்ப்புப் பெருநாளுக்கு ஒன்று. நலம், நலமறிய ஆவல், பிள்ளைகள் படிக்கிறார்கள். அங்கிருந்தும் யாரோ எழுதிக்கொடுத்த அதே வரிகள் வந்தன.

தொண்ணூறுகளில், கல்லூரி நூலகத்தில் ஒரு மாலை, வேறெதற்கோ எடுத்த உடல்நல நூலைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அசுத்த நீரால் வரும் மஞ்சள் காமாலை, அந்த நீரைக் குடித்தவுடனே தெரியாது. உடலுக்குள் பதுங்கியிருந்து வெளிப்படக் குறைந்தது இரண்டு வாரமாவது ஆகும், பெரும்பாலும் ஒரு மாதம் ஆகும் என்று இருந்தது. அந்த வரியை விட்டு என் கண் நகரவில்லை. என் தோழி ஊற்று நீரைக் குடித்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. அந்த ஊற்று தோண்டப்பட்டே பத்து நாள்தான் ஆகியிருந்தது. விரல்விட்டு எண்ணியிருந்தால் போதும். அத்தனை பெரியவர்கள் கூடி நின்றார்கள், அவர்களில் இயந்திரங்களை மயிரிழைக் கணக்கில் அளப்பவர்கள் எத்தனையோ பேர். ஒருவரும் நாட்களை எண்ணவில்லை.

அந்த வார இறுதியில் அப்பாவிடம் சொன்னேன். அவருக்குத் தலை நரைக்கத் தொடங்கியிருந்த காலம் அது. பின்கட்டில் மிதிவண்டிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை நிமிரவில்லை.

"தெரியும்மா."

"எப்போலேருந்து?"

"ஊத்தை மூடினதுக்கு அப்புறமும் ஆடி வரைக்கும் அஞ்சாறு வீட்டுல காமாலை வந்துச்சே. எல்லாம் குழாய்த் தண்ணி மட்டும் குடிச்ச வீடு. அப்புறந்தான் குழாய் எங்கேயோ ஒடைஞ்சிருக்குன்னு தோண்டி மாத்துனாங்க."

"அப்போ ஏன்ப்பா அத்தைக்கு எழுதல?"

சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். "அதை எழுதுனா, நான் மூடுனதையும் எழுதணும்ல" என்றார். எண்ணெய்க் குப்பியை மூடிவிட்டு, "நீ போய்ச் சொல்றியா?" என்றார். அவர் என்னிடம் எதையாவது கேட்டது அது ஒன்றுதான்.

போனேன். பாலத்தைக் கடந்து, பேருந்து நின்றுவிடும் இடத்திலிருந்து மணலில் ஓடும் வேன் ஒன்றில் தொற்றிக்கொண்டு, ஈரத் தரையில் விரலால் வரையப்பட்ட அந்தக் கோட்டின்மேல் போய் இறங்கினேன். இருபுறமும் கடல் இருந்தது. ஒன்று பேசாமல் கிடந்தது, ஒன்று இரைந்தது. ஓலை வீடுகள் உண்மையிலேயே மேலே விழுந்தாலும் வலிக்காதவையாகத்தான் தெரிந்தன.

அத்தை கூடுதலாக நரைத்திருந்தாள். "ஏத்தா, அண்ணன் மூக்கு அப்படியே வந்திருக்கே" என்று என் தாடையைப் பிடித்தாள். ஊற்றைப் பற்றியோ ஆவடியைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. அவள் மகளுக்கு அப்போது பதினாறு வயது. எங்கள் பங்குப் பள்ளியில் படித்திருக்க வேண்டியவள், தீவுப் பள்ளியின் ஐந்தாம் வகுப்போடு நின்றுபோய், மீன் காயவைக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவளோடு தண்ணீர் எடுக்கப் போனேன். அவளே தோண்டினாள்.

"அத்தை வரமாட்டாங்களா?"

"அம்மா ஊத்துல கை வைக்காது மதினி. நான் இல்லாத அன்னைக்கிப் பக்கத்து வீட்டுல வாங்கிக்கிரும். ஆவடி போயிட்டு வந்ததுல இருந்து அப்படித்தானாம்." சிரட்டையைத் தூக்கிக் குடத்தில் ஊற்றிக்கொண்டே இயல்பாகச் சொன்னாள்: "கல்லறைத் திருநாளுக்கு வருசாவருசம் ரெண்டு மெழுகுதிரி வாங்கும். ஒண்ணு அப்பாவுக்கு. ஒண்ணு ஆவடியில செத்த புள்ளைக்கி."

"எந்தப் புள்ளை?" என்றேன். கேட்டு முடிக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

குடத்தை அங்கேயே விட்டுவிட்டு நடந்தேன். மணலில் ஓட முடியவில்லை. அத்தை வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அத்தை, அவ சாகல."

"யாருத்தா?"

"எதிர்வீட்டுப் பொண்ணு. ரெண்டே வாரத்துல வீட்டுக்கு வந்துட்டா. அந்த வருஷமே என்கூடப் படிச்சா. போன தை மாசம் கல்யாணம் ஆச்சு."

அருவாமனையின் மேல் அவள் கை நின்றது. இரவு முழுக்க ரயிலில் மனத்துக்குள் ஒத்திகை பார்த்த கணக்கைச் சொல்லத் தொடங்கினேன். நான்கு நாள், பத்து நாள், இரண்டு வாரம், உடைந்த குழாய். அவள் அதைக் கேட்கவில்லை என்பது சற்றுத் தாமதமாகத்தான் எனக்கு உறைத்தது.

"அண்ணன் ஒண்ணும் எழுதலையே" என்றாள். அதில் குறை இல்லை. "நல்லாயிருந்தா எழுதியிருப்பாகளேன்னு நெனச்சேன். கேட்டு எழுதவும் பயம். எழுதாததே பதிலுன்னு வச்சுக்கிட்டேன்."

"அத்தை..."

"பொழச்சிருச்சா?"

"பொழச்சுட்டா அத்தை."

"இப்ப எம்புட்டு இருப்பா?"

"என் வயசுதான். கிட்டத்தட்ட என் உயரம்."

அவள் எழுந்தாள். கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டு என் எதிரே வந்து நின்றாள். பிறகு என்னைப் பார்க்கத் தொடங்கினாள். நெற்றி வகிடு, மூக்குக் கண்ணாடி, தோள், கைக்கடிகாரம், விரல்கள், புடவையின் கரை, மணல் ஒட்டிய பாதம் என்று ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் பார்த்தாள். அவள் பார்த்தது என்னை அல்ல. அவள் பார்த்து முடிக்கும்வரை நான் அசையாமல், இயன்றவரை நிமிர்ந்து நின்றேன்.